இன்ஸ்டாவில் 'டேலன்ட் ஏஜென்சி' என்று வரும் மெசேஜ்: காரைக்குடிப் பக்கம் வேற யாருக்கும் வந்துச்சா?

கண்டாங்கிக்கடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில இருந்து கண்டாங்கிச் சேலை ஆன்லைன்ல விக்கிறேன். கடையில ஒரு பொண்ணு வேலை பாக்குறா, டிகிரி முடிச்சவ. எங்க ரீல்ஸ்ல சேலை கட்டிக்கிட்டு நிக்கிறது அவதான். இந்த வாரம் அவளோட சொந்த இன்ஸ்டா கணக்குக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. அப்படியே போடுறேன்:

"ஹாய் டியர், உங்க புரொஃபைல் ரொம்ப கிளாஸியா இருக்கு. நாங்க லண்டன் பேஸ்டு டேலன்ட் ஏஜென்சி. சவுத் இண்டியன் கிரியேட்டர்ஸ் தேடுறோம். வீட்டுல இருந்தே வேலை. முகம் காட்ட வேண்டாம். மாசம் ஒரு லட்சம் கேரண்டி. டெலிகிராம் வாங்க, டீட்டெயில்ஸ் சொல்றேன்."

என்ன வேலைன்னு இவ கேட்டிருக்கா. "சப்ஸ்கிரிப்ஷன் சைட். கொஞ்சம் போல்டா இருக்கும். மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குவோம்"னு பதில். அடுத்த மெசேஜ்லயே ஆதார் ரெண்டு பக்கமும் வேணும், ஆதாரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பேரைச் சொல்லி ஒரு வீடியோ வேணும், 'டெஸ்ட்'டுக்கு சில படம் வேணும்.

அவ எதுவும் அனுப்பல. ஆனா வீட்டுல சொல்ல மாட்டேங்கிறா. சொன்னா போனைப் பிடுங்கிருவாங்க, வேலைக்கும் அனுப்ப மாட்டாங்கன்னு பயம். இந்தப் பயம்தான் எனக்குப் பெரிய கவலை. அவன் இன்னொரு நாள் வேற பேர்ல வந்தா, அப்பவும் இவ யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டா என்ன ஆகும்? இவங்க எல்லாம் யாரு, எப்படி நடக்குது, போலீஸ்ல சொல்லணுமா, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நைட்ஷிஃப்ட் எழுதியது:

அக்கா, நான் சென்னையில இந்த மாதிரி ஒரு ஏஜென்சிக்கு ராத்திரி வேலை பாத்திருக்கேன். உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். அவன் சொன்ன 'சப்ஸ்கிரிப்ஷன் சைட்'னா ஒன்லிஃபேன்ஸ் மாதிரி, சந்தா கட்டுறவங்களுக்கு ஆபாசப் படம், வீடியோ விக்கிற தளம்.

இவங்க ஏஜென்சின்னு சொன்னாலும் பெரிய ஆபீஸ் எல்லாம் கிடையாது. ஆள் பிடிக்கிறவங்க கொஞ்சப் பேர், அக்கவுண்ட் பாக்குறவன் ஒருத்தன், மீதி எல்லாம் என்னை மாதிரி சாட்டர்ஸ். ஆள் பிடிக்கிறவன் முழு நாளும் இன்ஸ்டாவுல உக்காந்து சேலை, மேக்கப், டான்ஸ்னு ஹேஷ்டேக் போட்டுத் தேடுவான். லட்சக்கணக்குல ஃபாலோயர் இருக்கிறவங்க பக்கம் போக மாட்டான், அவங்க பதில் போட மாட்டாங்க. சில ஆயிரம் ஃபாலோயர் இருக்கும், பயோவுல 'கொலாபுக்கு டிஎம்'னு போட்டிருப்பாங்க, அந்தப் பொண்ணுங்கதான் குறி. எல்லாருக்கும் ஒரே மெசேஜ்தான், பேரு மட்டும் மாறும். ஒரு பொண்ணு சேர்ந்தா இவனுக்குக் கமிஷன்.

சாட்டர்னா, அந்தப் பொண்ணு பேர்ல உக்காந்து டைப் பண்றவன். காசு கட்டி உள்ள வர்ற வெளிநாட்டுக்காரன் அவகிட்டயே பேசுறதா நினைப்பான். பேசுறது இங்க மீசை வச்ச பையன். இதை வச்சே 2024ல அமெரிக்காவுல சந்தாதாரருங்க கோர்ட்டுக்குப் போனாங்க, ஏமாத்திட்டாங்கன்னு.

ஒரு சந்தாதாரன் "இந்த மாதிரி ஒரு வீடியோ எனக்கு மட்டும் வேணும்"னு கேட்டா, சாட்டர் அவ பேர்ல "சரி"ன்னு சொல்லிக் காசு வாங்கிருவான். அவகிட்ட யாரும் கேக்கிறதில்லை. மறுநாள் காலையில அவளுக்குப் போன் போகும்: "காசு வந்தாச்சு, நாளைக்குள்ள அனுப்பு, இல்லேன்னா ரீஃபண்டு, உன் கணக்குல பிடிப்போம்." முகம் தெரியாதுன்னு ஆரம்பிச்சவ முகத்தோட நிக்கிறது இப்படித்தான். ஒரே நாள்ல யாரும் தள்ள மாட்டாங்க.

காசுக் கணக்கும் சொல்லிர்றேன். ஒன்லிஃபேன்ஸ் மாதிரி தளம் 20 சதவீதம் எடுத்துக்கிட்டு 80 கிரியேட்டருக்குத் தருது. அந்த 80ல ஏஜென்சி பாதி வரைக்கும் கேக்கும். லாகின், பாஸ்வேர்டு, இமெயில் எல்லாம் ஏஜென்சி கையில. தன் பேர்ல என்ன வித்துச்சு, யாருக்கு வித்துச்சுன்னு அவளால பாக்கக்கூட முடியாது. சண்டை போட்டு வெளிய வந்தாலும் வீடியோ எல்லாம் அவன் டிரைவ்லயே கிடக்கும்.

பள்ளத்தூரார் எழுதியது:

பொட்டப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போன் வாங்கிக் கொடுத்ததுதான் முதல் தப்பு. ரீல்ஸ் போட்டா இந்த மாதிரிக் கூட்டம் வரத்தான் செய்யும். கடை நடத்துறவங்களும் யோசிக்கணும். நான் கோவத்துல சொல்லலை, பேத்திகள் இருக்கிற வீட்டுக்காரனாச் சொல்றேன்.

கோட்டையூர்ப்பொண்ணு எழுதியது:

ஐயா, உங்க மேல மரியாதை வச்சே சொல்றேன். எனக்கும் இதே மாதிரி அழைப்பு வந்துச்சு. நான் ரீல்ஸே போடுறதில்லை, ஃபோட்டோகூட கோயில் தேர் ஃபோட்டோதான். லிங்க்ட்இன்ல வேலை தேடுறேன்னு போட்டிருந்தேன், 'ரிமோட் மாடரேட்டர் வேலை'ன்னு கூப்பிட்டாங்க. மூணாவது போன்லதான் விஷயம் தெரிஞ்சுது.

போனைப் பிடுங்கினா என்ன ஆகும் தெரியுமாய்யா? அவன் கையில ஏற்கனவே ஒரு ஃபோட்டோ இருந்தா, அந்தப் பொண்ணு அவன் கேக்குறதை எல்லாம் கொடுத்துக்கிட்டே இருப்பா. வீட்டுக்குத் தெரியக்கூடாதேன்னு. "உங்க அப்பா நம்பர் எங்கிட்ட இருக்கு"ங்கிற ஒரு வரிதான் அவனோட மொத்த முதல். வீட்டுல "சொல்லும்மா, என்னாச்சு"ன்னு கேக்க ஆள் இருந்தா அந்த முதல் அங்கேயே செல்லாக்காசு. நான் எங்க ஆத்தாகிட்டச் சொன்னேன், அவங்க திட்டல. அதனாலதான் அன்னைக்கு ராத்திரி தூங்குனேன்.

செக்காலைத்தம்பி எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கமாப் பேசுறதால கேக்குறேன். 18 வயசு தாண்டுன ஒருத்தங்க, தானா விரும்பி, தன் உடம்பு, தன் முடிவுன்னு செஞ்சா அதுல நாம என்ன சொல்ல இருக்கு? இங்கிலாந்து, அமெரிக்காவுல இது வரி கட்டுற தொழில். ஒன்லிஃபேன்ஸ் 2016ல இருந்து லண்டன்ல பதிவு பண்ணி நடக்குற கம்பெனி. ஏமாத்துறவன் எல்லாத் துறையிலயும் இருக்கான். அவனைத் திட்டுங்க, அந்த வேலை செய்யுறவங்களைக் கேவலமாப் பேசாதீங்க.

தேவகோட்டை வக்கீல் எழுதியது:

தம்பி, கேவலமாப் பேசக்கூடாதுங்கிறதுல நான் உங்க கட்சி. ஆனா இங்கிலாந்துச் சட்டம் நம்ம காரைக்குடி செக்காலை ரோட்டுக்குச் செல்லாது. அந்த ஏஜென்சிக்காரன் எந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லாத விஷயம் இதுதான், அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன்.

நம்ம நாட்டுல தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அதுல 67ஏ பிரிவு, பாலியல் செயலை வெளிப்படையாக் காட்டுற எதையும் மின்னணு வழியில வெளியிடுறதும் அனுப்புறதும் குற்றம்னு சொல்லுது. முதல் தடவை 5 வருஷம் வரை ஜெயில், 10 லட்சம் வரை அபராதம். மறுபடி செஞ்சா 7 வருஷம் வரை. ஜாமீனில் விடக்கூடிய குற்றமும் இல்லை. அந்த அளவுக்குப் போகாத ஆபாசத்துக்கு 67வது பிரிவு, 3 வருஷம் வரை. வெளியிடுறவங்கன்னா அதுல அந்தப் பொண்ணும் வர்றா. 'வெளியிடச் செய்யுறவங்க'ன்னும் பிரிவுல இருக்கு, அதுல ஏஜென்சியும் வருது. ஆனா ஏஜென்சிக்காரன் பேரு பொய், நம்பர் வெளிநாடு. ஆதாரைக் கையில பிடிச்சு வீடியோ கொடுத்தவ மட்டும்தான் நிஜப் பேரோட மாட்டுவா. தளம் இந்தியாவுல திறக்குதுங்கிறதால அது இங்க சட்டப்படி சரின்னு ஆகிடாது. 2024 மார்ச்சுல 18, 2025 ஜூலையில 25 ஆபாச செயலி, தளங்களை மத்திய அரசு முடக்குச்சு.

அடுத்தது 'ஒப்பந்தம்'. பி.டி.எஃப். அனுப்பிக் கையெழுத்து வாங்குவாங்க. "இடையில விலகினா 5 லட்சம் கட்டணும்"னு ஒரு வரி இருக்கும். அதைக் காட்டி மிரட்டிப் பிள்ளைகளை வச்சிருக்காங்க. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 23வது பிரிவு: நோக்கம் சட்டவிரோதமா இருந்தா ஒப்பந்தமே செல்லாது. அந்த 5 லட்சத்தை எந்தக் கோர்ட்டும் வாங்கிக் கொடுக்காது. கையெழுத்துப் போட்டாச்சேன்னு பயந்து உள்ள இருக்கிற யாராவது இதைப் படிச்சா, தயவுசெஞ்சு நம்புங்க.

மூணாவது, எல்லாத்தையும் விட முக்கியம். "நானேதானே அனுப்பினேன், நான் எப்படிப் புகார் கொடுக்க?"ன்னு பிள்ளைகள் நினைக்குது. பழைய ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 77வது பிரிவோட விளக்கத்துல தெளிவா இருக்கு: தன்னைப் படம் எடுக்க ஒரு பொண்ணு சம்மதிச்சிருந்தாலும், அதை மூணாம் ஆளுக்குக் காட்டச் சம்மதிக்காதபோது பரப்பினா, பரப்பினவன் குற்றவாளி. பணம் கேட்டு மிரட்டினா அதே சட்டத்துல 308, பணம் பறிப்பு. அது தனி.

18க்குக் கீழன்னா பேச்சே வேற. அங்க சம்மதம்ங்கிறதே கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 67பி, குழந்தைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கிற போக்சோ சட்டம் எல்லாம் வரும். குழந்தைகள் உதவி எண் 1098க்கு உடனே போன் போடணும்.

செக்காலைத்தம்பி எழுதியது:

67ஏ வெளியிடுறவங்க மேலயே பாயும்னு இவ்வளவு விவரமா எனக்குத் தெரியாதுக்கா. சட்டம் அப்படி இருக்கிறது நியாயமாங்கிற கேள்வி எனக்கு இன்னும் இருக்கு. வயசு வந்தவங்க விருப்பத்தைக் குற்றமாக்கினதாலதான் புகார் கொடுக்க வேண்டியவளே ஒளிஞ்சுக்கிறா, ஏஜென்சிக்காரனும் அந்தப் பயத்துல பொழைக்கிறான்னு நினைக்கிறேன். ஆனா நாளைக்கு ஒரு தோழி என்கிட்டக் கேட்டா, இந்த ஊருல உக்காந்துக்கிட்டு அவளைச் சேரச் சொல்ல மாட்டேன். இன்னொண்ணு, சட்டத்தைத் தள்ளி வச்சாலும் வருமானமும் நிலையில்லை. 2021 ஆகஸ்ட்ல ஒன்லிஃபேன்ஸே வெளிப்படையான வீடியோவை நிறுத்தப்போறோம்னு அறிவிச்சுட்டு, ஒரு வாரத்துக்குள்ள வாபஸ் வாங்குச்சு. மாசம் ஒரு லட்சம் கேரண்டின்னு எவனாலயும் சொல்ல முடியாது.

தேவகோட்டை வக்கீல் எழுதியது:

அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான் தம்பி. கோர்ட் வராண்டாவுல எங்களுக்குள்ளயும் அந்த விவாதம் உண்டு. சட்டம் மாறுற வரைக்கும் பிள்ளையைக் காப்பாத்துற வழியை முதல்ல பாப்போம்.

ரெண்டாங்கட்டு எழுதியது:

கானாடுகாத்தான் பக்கத்துல எங்க பங்காளி வீடு இருக்கு. நான் இதுல எழுதுறதுக்குக் காரணம் வேற. வீட்டை சினிமா, விளம்பரம், கல்யாண ஷூட்டுக்கு வாடகைக்கு விடுறது நம்ம ஊருல வழக்கம். பங்காளிகள்ல பாதிப் பேர் சென்னையில, மீதிப் பேர் சிங்கப்பூர்ல. சாவி வாட்ச்மேன் கையில. போன மழைக்காலத்துல 'ஃபேஷன் ஷூட்'னு ஒரு குழு கேட்டுச்சு. முகப்பு வேண்டாம், நடு முற்றம் இருக்கிற வளவு வேண்டாம், அதுக்கு உள்ள தள்ளி இருக்கிற ரெண்டாங்கட்டு அறை மட்டும் போதும், வாட்ச்மேன் வெளிய இருக்கணும், ரெண்டு மடங்கு வாடகை தர்றோம்னாங்க. கம்பெனி லெட்டர் கேட்டேன், அதோட போனை எடுக்கல.

இங்க ஒண்ணு கவனிக்கணும். 'முகம் தெரியாது, யாருக்கும் தெரியாது'ன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்றாங்கள்ல? ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரையில ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பூ, ஒரு ஓரப்பட்டி. அச்சுச் சட்டத்துல கண்ணாடி வச்சு, மேல நிறத்தை ஊத்திக் கையாலயே செய்யுற கல்லு, பாத்த மாத்திரத்துல இது இன்னார் வீட்டு ரெண்டாங்கட்டுன்னு எங்க ஊருல பத்து வயசுப் பையன் சொல்வான். தேக்குத் தூணும் கதவு நிலையும் அப்படித்தான். முகத்தை மறைச்சாலும் தரை காட்டிக்கொடுத்துரும். தன் வீட்டுக்குள்ளயே எடுக்கிற பிள்ளைக்கும் இதே கதிதான். ஜன்னல் வழியாத் தெரியுற கோபுரம், சுவர்ல மாட்டுன தாத்தா படம், காலண்டர்ல இருக்கிற நகைக்கடை பேரு, எதுனாலும் போதும்.

வீடு விடுற மத்தவங்களுக்கும் சொல்றேன். யார் வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு எழுத்துல வாங்குங்க. கூட வர்ற எல்லாரோட அடையாள அட்டையும் வாங்குங்க. நம்ம ஆள் ஒருத்தர் ஷூட் முடியுற வரை உள்ள இருக்கணும்னு ஒப்பந்தத்துலயே போடுங்க. வாட்ச்மேனுக்கும் விவரம் சொல்லி வையுங்க. அவருக்கு ரெண்டாயிரம் ரூபாயக் கையில வச்சா வேலை முடிஞ்சுதுன்னு அவங்க நினைக்கிறாங்க.

பள்ளத்தூரார் எழுதியது:

ரெண்டாங்கட்டு சொன்னது மனசைத் தொட்டுச்சு. கோட்டையூர் ஆத்தா, நீ சொன்னதையும் யோசிச்சேன். பேத்திகிட்ட இன்னைக்கே பேசுறேன், போனை வாங்கப் பேச மாட்டேன்.

ஏஜென்ட்டுங்கிற ஆள் நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. நம்ம முன்னோர் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போன காலத்துலயும், போற இடத்துல யார் ஏஜென்ட், யார் முதலாளின்னு தெரிஞ்சுதான் கப்பல் ஏறுனாங்க. இப்ப முகமே தெரியாதவன் கூப்பிட்டுப் பிள்ளைகள் போகுது. 2022ல தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைன்னு கூட்டிக்கிட்டுப் போய் மியான்மர் மியாவடியில அடைச்சு வச்சு மோசடி வேலை வாங்குனாங்களே, அதுல தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் மாட்டுச்சு. இந்த ஏஜென்சிக்காரன் 'துபாய் வா, பாங்காக் வா, ஷூட் இருக்கு'ன்னு கூப்பிட்டா தயவுசெஞ்சு யாரும் டிக்கெட் வாங்காதீங்க. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் வெளியுறவுத் துறையில பதிவு பண்ணியிருக்கணும், இ-மைக்ரேட் தளத்துல பேரைப் போட்டுப் பாத்துக்கலாம்.

நைட்ஷிஃப்ட் எழுதியது:

ஐயா சொன்னதோட ஒண்ணு சேத்துக்குறேன். பசங்களுக்கும் தூண்டில் இருக்கு. "உன் பேங்க் அக்கவுண்ட்டைக் கொடு, மாசம் இவ்வளவு கமிஷன்"னு கேப்பாங்க. வர்ற காசு எங்கிருந்து வருதுன்னு தெரியாது. எங்கேயோ ஒருத்தர் புகார் கொடுத்தா இந்தப் பையன் அக்கவுண்ட் முடங்கும், போலீஸ் இவன் வீட்டுக் கதவைத்தான் தட்டும். காலேஜ் முடிச்சுட்டு வீட்டுல இருக்கிற தம்பிமார் கவனம்.

கண்டாங்கிக்கடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேத்து அவளோட அம்மாவைக் கடைக்கு வரச் சொல்லி, மூணு பேரும் உக்காந்து பேசினோம். அம்மா முதல்ல அழுதாங்க. அப்புறம் "நீ அனுப்பலைல்ல, அது போதும்"னாங்க. மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தக் கணக்கோட லிங்க்கையும் எழுதி வச்சுக்கிட்டு, இன்ஸ்டாவுல ரிப்போர்ட் அடிச்சு பிளாக் பண்ணிட்டோம். பயோவுல இருந்த அவ நம்பரை எடுத்தாச்சு. இனிமே கடை ரீல்ஸ்ல அவ பேரை டேக் பண்ண மாட்டேன். விசாரிக்கிறவங்க கடை நம்பருக்கே வரட்டும்.

அண்ணன்காரன் எழுதியது:

புதுக் கணக்குல இருந்து எழுதுறேன், மன்னிக்கணும். என் தங்கச்சி அனுப்பிட்டா. ஆதார் வீடியோவும் வேற சில படங்களும். இப்ப அவன் முப்பதாயிரம் கேக்குறான், இல்லேன்னா சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்புவேங்கிறான். எங்க சொந்தக்காரங்க இன்ஸ்டா லிஸ்ட்டையே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருக்கான். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. என்ன செய்யுறதுன்னு புரியல. பணத்தைக் கொடுத்துட்டா விட்டுருவானா?

தேவகோட்டை வக்கீல் எழுதியது:

தம்பி, ஒரு ரூபாகூடக் கொடுக்காதீங்க. கொடுத்தா அடுத்த வாரம் அறுபதாயிரம் கேப்பான். தங்கச்சியைத் தனியா விடாதீங்க, ராத்திரி யாராவது கூட இருங்க. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

சாட்டை அழிக்கச் சொல்லாதீங்க, அதுதான் நமக்கு ஆதாரம். அவன் ஐ.டி., நம்பர், பணம் போடச் சொன்ன யு.பி.ஐ., எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. எடுத்துட்டு பதில் போடுறதை நிறுத்துங்க. சைபர் கிரைம் உதவி எண் 1930க்குப் போன் பண்ணுங்க. தேசிய சைபர் கிரைம் தளத்துலயும் புகாரைப் பதிவு பண்ணுங்க, பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாருக்குத் தனிப் பகுதி இருக்கு, அதுல பேர் சொல்லாமலும் பதியலாம். ஆனா அவனைப் பிடிக்கணும்னா பேரோட கொடுக்கிறதுதான் நல்லது.

ஸ்டாப்என்சிஐஐன்னு ஒரு தளம் இருக்கு, இங்கிலாந்துல இருந்து 2021 டிசம்பர்ல தொடங்குனது, இலவசம். படத்தை எங்கேயும் ஏத்த வேண்டியதில்லை. உங்க போன்லயே அந்தப் படத்துக்கு ஒரு ரேகை மாதிரி எண் உருவாகும், அந்த எண் மட்டும்தான் போகும். இன்ஸ்டா, ஃபேஸ்புக் மாதிரி சேர்ந்திருக்கிற தளங்கள்ல யாராவது அந்தப் படத்தை ஏத்தினா அடையாளம் கண்டு தடுப்பாங்க. தங்கச்சிக்கு 18 முடிஞ்சிருந்தா இது. முடியலைன்னா 'டேக் இட் டவுன்'னு வேற தளம், அமெரிக்காவுல இருந்து நடத்துறாங்க.

அண்ணன்காரன் எழுதியது:

அவளுக்கு 22 முடிஞ்சுருச்சுக்கா. 1930ல பேசினோம், புகார் எண் கிடைச்சுருச்சு. ஸ்டாப்என்சிஐஐயும் அவளே உக்காந்து பண்ணினா. ஸ்டேஷனுக்குப் போனா அவ மேலயே கேஸ் போட்ருவாங்களோன்னு பயப்படுறா. அதோட இங்க உள்ளூர் ஸ்டேஷன்ல எங்க மாமா முறைக்காரர் ஒருத்தர் இருக்கார்.

தேவகோட்டை வக்கீல் எழுதியது:

அவ எதையும் வெளியிடல தம்பி, மிரட்டலுக்கு ஆளானவ. புகார்ல அதைத்தான் முதல் வரியா எழுதணும்: வேலைன்னு நம்ப வச்சு வாங்கி, இப்பப் பணம் கேட்டு மிரட்டுறான்னு.

உள்ளூர் ஸ்டேஷன் வேண்டாம்னா வேண்டாம். சிவகங்கையில மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன் இருக்கு, நேரா அங்கயே போங்க. எந்த ஸ்டேஷன் எல்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது, குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ல 173வது பிரிவு அதுக்குத்தான். மின்னஞ்சல்லகூட அனுப்பலாம், ஆனா மூணு நாளைக்குள்ள நேர்ல போய்க் கையெழுத்துப் போட்டாத்தான் பதிவாகும். வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னாலும் இலவச சட்ட உதவி உண்டு, சட்ட உதவி எண் 15100ல கேட்டா சொல்வாங்க.

போகும்போது அவ போனையே எடுத்துட்டுப் போங்க, ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் போதாது. மின்னணு ஆதாரத்துக்கு ஒரு சான்று இணைக்கணும், சாட்சியச் சட்டத்துல இப்ப 63வது பிரிவு. அதை எப்படி எழுதுறதுன்னு தனி மெசேஜ்ல அனுப்புறேன், இன்னைக்கு ராத்திரியே எழுதி வச்சிருங்க. கூட அம்மாவையும் கூட்டிட்டுப் போனா அவளுக்குத் தெம்பா இருக்கும்.

அண்ணன்காரன் எழுதியது:

அம்மாகிட்டச் சொல்லிட்டோம்க்கா. திங்கக்கிழமை காலையில மூணு பேரும் சிவகங்கைக்குப் போறோம்.